வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கணப்படுப்பு

அக்காவின் பேறுகாலத்துக்கு அம்மாதான் போயிருக்க வேண்டும். பள்ளத்தூரில் எங்கள் தெருவில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். வர முடியாவிட்டால் தாய் கிளம்பிப் போவாள். அக்கா விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கைநாட்டு வைக்கிறவள், மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சிவில் இன்ஜினியரிங்கும் முடித்து, காரைக்குடியில் ஒரு கட்டட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட்டும் என்னிடம்தான் இருந்தது. அதனால் ஜார்ஜியாவுக்கு நான் போனேன்.

அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை. ரஷ்யாவுக்குக் கீழே, மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நாடு. நம் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகிற இடம். அக்காவின் கணவர் கருப்பையா மச்சான் கல்யாணச் சமையல்காரர். நாச்சியாபுரத்திலும் வலையபட்டியிலும் பந்தி பந்தியாக ஆக்கிப்போட்டவர், மூன்று வருடமாக அங்கே மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறார்.

அங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே இரண்டு சேலை. அடியில் அம்மா கட்டிக்கொடுத்த சுக்கு, கருப்பட்டி, நாட்டுப் பூண்டு, ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் பிரசவ லேகியம். அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "இது என்ன?" பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் முகர்ந்து பார்த்தாள். "என் மாமியார் எனக்குக் கொடுத்தது இதைவிட மோசம். விடுங்கள்" என்றாள்.

வெளியே வந்து போனை உயிர்ப்பித்ததும் மச்சானின் குரல் செய்தி வந்து விழுந்தது. "செல்வி, பொம்பளப் புள்ள. நேத்துச் சாயங்காலம். ஒரு மாசம் முந்திக்கிருச்சு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காக. உங்க அக்கா நல்லாருக்கா. நீ பயப்படாம வா." கடைசி வார்த்தையில் அவர் குரல்தான் பயந்திருந்தது.

அவர்கள் ஊருக்கு வேன் உண்டு. நம்மூர் மினி பஸ்ஸில் பாதி, ஆட்கள் இரண்டு பங்கு. மலை ஏறும்போது பனியில் பின்சக்கரம் சுற்றியது, வேன் நகரவில்லை. எல்லோரும் தாமாக இறங்கி வரிசையாக நின்று தள்ளினார்கள். நான் மட்டும் செருப்புக் காலோடு சாலையோரம் நின்றேன். தள்ளி முடித்து ஏறிய ஒரு பெண், என் கால்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பையிலிருந்து தன் கம்பளிக் காலுறையை எடுத்துக் கொடுத்தாள். கூடவே பழுப்பு நிறத்தில் ஒரு முழ நீள மெழுகுவர்த்தியையும் நீட்டினாள். மின்சாரம் போகும்போது ஏற்றிக்கொள்ளத் தருகிறாள் போல என்று நினைத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தேன். வேன் முழுக்கச் சிரித்தது. அது நூலில் கோத்த வால்நட் பருப்பைத் திராட்சைச் சாற்றில் முக்கிக் காயவைத்த மிட்டாய்.

மச்சானின் மெஸ் கீழே ஊருக்குள், ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. வீடு அரை மணி நேரம் மேலே, மலைச் சரிவில். அவர்கள் வீடு தேடியது மாணவர்கள் வந்து இறங்கிய மாதம் என்பதால் ஊருக்குள் ஒரு அறைகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. மேலே எரிவாயுக் குழாய் வருவதில்லை; மின்சார ஹீட்டர் இரண்டைச் சேர்த்துப் போட்டால் மெயின் விழுந்துவிடும். அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் விறகு எரிக்கும் கணப்படுப்பால்தான் சூடாகின்றன. கதவைத் திறந்த மச்சான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் அக்காவின் நைட்டியும் போட்டிருந்தார். கூடத்தின் நடுவே கல்லும் களிமண்ணுமாக ஒரு குவியல்.

"என்ன மச்சான், வீட்டையே பிரிச்சுப் போட்டிருக்கீக?"

"பழைய அடுப்பு புகையா கக்குச்சுத்தா. புள்ள பெறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கேன்னு இடிச்சுட்டுப் புதுசு கட்டச் சொன்னேன். புள்ள என்னைய கேட்டா வந்துச்சு?"

மறுநாள் ஆஸ்பத்திரி. அக்கா தனம் வெள்ளைப் போர்வைக்குள் பாதியாகக் கிடந்தாள். குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். கை, என் பெருவிரல் நீளம். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, சட்டை துவைத்துப் போட்டு, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டு விடுவதற்காகத்தான் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்த டாக்டரம்மா என்ன சொல்றாகன்னு கேளுடி. மச்சானுக்கு ஒண்ணும் வெளங்கல. நீ கேட்டுச் சொல்லு."

டாக்டர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். குழந்தை தேறிவிடும். ஆனால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க இன்னும் தெரியவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு நர்ஸ் கூடவே வருவாள். வீட்டுக்குள் இருபத்திநான்கு டிகிரி இருக்க வேண்டும், துளிப் புகை இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று சரியில்லையென்றாலும் நர்ஸ் குழந்தையைத் திரும்ப எடுத்து வந்துவிடுவாள். தாய்க்கு வெள்ளிக்கிழமைக்கு மேல் படுக்கை கிடையாது. மலைச்சாலை பனியில் மூடினால் தாய் மேலே, குழந்தை கீழே.

"வெள்ளிக்கிழமை எல்லாம் தயாராக இருக்கும். நான் இன்ஜினியர்" என்றேன். டாக்டர் என் காலுறையைப் பார்த்தார்.

அடுப்புக் கட்டுகிறவர் பெயர் சாசா. நாற்பது வயதிருக்கும். பாதி நாள் டாக்சி ஓட்டுவார், பாதி நாள் அடுப்புக் கட்டுவார், இரண்டையும் பாடிக்கொண்டே செய்வார். அவரோடு பேச என் போன்தான் வழி: அவர் அவர் மொழியில் சொல்ல, போன் அதை எனக்கு மாற்றிக் காட்டும். அடுப்பின் சுவருக்குக் கல் போதவில்லை என்றார். நானும் மச்சானும் கீழே ஆற்றுக்குப் போய், வழுவழுவென்று கழுவிவிட்டதுபோல் கிடந்த கற்களாகப் பார்த்துச் சாக்கில் சுமந்து வந்தோம். சாசா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று போனில் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார், சிரித்தார், முற்றத்தில் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் ஒரு கல்லைப் போட்டார். எங்கள் இருவரையும் தோளைப் பிடித்து விறகு அடுக்குக்குப் பின்னால் தள்ளினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "வெடி வச்சிருக்காரா?" என்று மச்சான் எட்டிப் பார்க்கப் போனார். அப்போதுதான் வெடித்தது. சில்லு ஒன்று பறந்து பிளாஸ்டிக் வாளியைத் துளைத்துக்கொண்டு போனது. சாசா போனை வாங்கி ஏதோ சொன்னார். திரையில் வந்தது: "கல்லுக்குள் ஆறு இன்னும் இருக்கிறது."

அதன்பிறகு அவர் காட்டிய கல்லை மட்டும் சுமந்தோம். பின்புறம் இடிந்து கிடந்த பழைய சுவரின் கல்; பல வருட வெயிலில் ஈரம் செத்தது. களிமண்ணில் மணலைப் போட்டு மச்சான் காலால் மிதித்துப் பிசைந்தார். "ரெண்டாயிரம் பேருக்குப் பள்ளம் தோண்டி வரிசையாக் கோட்டை அடுப்பு போடுவேன், அரை நாள் வேலை. இந்தாளு ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்ப ஒரு வாரமாக் கட்டுறாரு."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. உள்ளே பார்த்த பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் அடுப்பு சோறு ஆக்குவதற்கு; புகை ஓட்டு இடுக்கில் போனாலும் ஜன்னலில் போனாலும் யாருக்கென்ன? இந்த அடுப்பில் புகை நேராக மேலே போக முடியாது. நெருப்பறைக்குப் பின்னால் இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி, கல்லுக்குள்ளேயே சுற்ற வேண்டும். கையிலிருக்கும் சூட்டையெல்லாம் கல்லிடம் கொடுத்துவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகலாம். மேலே மூடியாக ஒரு வார்ப்பிரும்புப் பலகை, அதில் வெந்நீரும் வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை இருட்டுவதற்குள் கட்டி முடித்தார். இனி அது காய வேண்டும். இரண்டு வாரம் ஆகும் என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, போனில் நிதானமாகச் சொன்னார். புதன்வரை சுள்ளி மட்டும். வியாழன் பாதி விறகு. வெள்ளி முழு விறகு. சூடான இரும்பின்மேல் தண்ணீர் படவே கூடாது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். கண்ணுக்குத் தெரியாத விஷப்புகை கசிந்தால் அது கத்துமாம். "கத்தினால் எதையும் எடுக்காதீர்கள். வெளியே ஓடுங்கள்." விறகைத் தேர்வதற்கும் வழி சொன்னார். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால், காய்ந்தது கணீரென்று கேட்கும். ஈரமானது தொப்பென்று கேட்கும். பிறகு மலைக்கு இன்னும் மேலே இருக்கும் தன் கிராமத்துக்குப் போய்விட்டார்.

அந்த நான்கு நாளும் நான் அடுப்பை விட்டு நகரவில்லை. காலையில் பதினொரு டிகிரி, சாயங்காலம் பதின்மூன்று. கல்லில் கைவைத்தால் வியர்த்திருக்கும்; உள்ளிருக்கும் ஈரம் வெளியே வருகிறது. மச்சான் மெஸ்ஸிலிருந்து எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். புளி கிடைக்காத ஊரில் புட்டியில் விற்கும் புளிப்பான பச்சைப் பிளம் பழச் சாந்தைக் கரைத்து வத்தக்குழம்பு வைத்திருந்தார். அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை, சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, அவர் ஒரு பெரிய கட்டையைத் தூக்கி நெருப்பறைக் கதவருகே கொண்டுபோனார். "இப்படிப் பூச்சி காட்டுனா எப்பத்தா சூடேறும்? நான் நெருப்போட பொழைக்கிறவன். எனக்குத் தெரியாததா?"

"மச்சான், கைய எடுங்க. உள்ள ஈரம் இருக்கு. ஆவி கெளம்புச்சுன்னா கல்லு பொளந்துரும். படிச்சவ சொல்றேன்ல?"

கட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தார். "சரிங்க இஞ்சினியரம்மா." தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொன்னது சரிதான். சொன்ன விதம் பற்றி அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மதியம் இருபத்தொன்று. கணக்குப்படி போய்க்கொண்டிருந்தது. பனி விழத் தொடங்கியிருந்தது. அம்மா வீடியோவில் வந்தாள்.

"ஏத்தா, பால் காச்சுனியா?"

"வீடு பழசும்மா."

"அடுப்பு புதுசுல்ல? பால் பொங்காத அடுப்புல பச்சப்புள்ளக்கி வெந்நி வைப்பாகளா?"

"மார்கழி மாசம். மார்கழில யாரும்மா பால் காச்சுவா?"

கொஞ்சம் யோசித்தாள். "மார்கழி வீட்டுக்குத்தான். அடுப்புக்கு என்ன மார்கழி? நான் வந்து செய்ய வேண்டியது. அந்தப் புள்ள வாசல் தாண்டயில நான் பக்கத்துல இல்ல. இது ஒண்ணாச்சும் செய்யி."

சாசா சொன்னது நினைவிருந்தது. மறந்து செய்ததாகச் சொன்னால் அது பொய். கொதித்துப் பொங்குகிற பால் சூடாகத்தானே இருக்கும், அது பட்டு இரும்புக்கு என்ன ஆகப்போகிறது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பால் சீக்கிரம் பொங்கட்டும் என்று பாத்திரத்தின் விளிம்புவரை ஊற்றினேன். பாதி விறகில் கொதி வரவில்லை. ஜன்னலில் சாய்த்துவைத்த போனிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு விறகுப் பிளவை உள்ளே தள்ளி, காற்றுத் துவாரத்தை முழுதாகத் திறந்துவிட்டேன். பலகையின் நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

பால் பொங்கியது. நாலாபுறமும் வழிந்து, இரும்பில் விழுந்து சீறியது. அம்மா பள்ளத்தூரிலிருந்து குலவை போட்டாள். குலவைக்கு நடுவில் டங்கென்று ஒரு சத்தம்.

"என்னத்தா, கோயில் மணியா?" என்றாள் அம்மா.

பலகையின் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கருப்புக் கோடு. முதலில் மயிரிழையாகத்தான் இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அகன்று, அதன் வழியே புகை எழுந்தது. தீய்ந்த பாலின் நாற்றம். பிறகு சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி கத்த ஆரம்பித்தது. வெறுங்காலோடு பனிக்குள் ஓடினேன். வெளியே நின்று பார்த்தால், திறந்த கதவு வழியே புகை தாழ்வாரம்வரை வந்துகொண்டிருக்கிறது. உள்ளே நான் தள்ளிய நான்கு பிளவும் முழு வேகத்தில் எரிகின்றன. தண்ணீர் ஊற்றினால் கல்லும் போய்விடும். விறகு எரியும்வரை பெட்டி கத்தும். அடுப்பின் எந்தப் பகுதி மிஞ்சும் என்று தெரியாது.

துண்டைப் பனியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து உள்ளே போனேன். முதல் தடவை ஜன்னல்களைத் திறந்தேன். வெளியே வந்து மூச்சு வாங்கினேன். அடுத்து இடுக்கியால் ஒரு பிளவை உருவி இரும்பு வாளியில் போட்டுக்கொண்டு ஓடி வந்து பனியில் கொட்டினேன். நான்கு தடவை. நான்காவதில் வாளியின் காது சுட்டதில் விரலில் தோல் போனது. இதைப் படிக்கிற யாரும் இப்படிச் செய்யாதீர்கள்; பெட்டி கத்தினால் வெளியே நிற்பதுதான் புத்தி. எனக்கு அப்போது அந்தப் புத்தி இல்லை.

பெட்டி ஓய்ந்தது. ஜன்னல் வழியே பனி கூடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆறு டிகிரி. குழந்தை வர இன்னும் ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

மூன்று மணிக்கு மச்சான் வந்தார். வாசலில் கரிந்த கட்டைகள், திறந்த ஜன்னல்கள், அடுப்பின் மேல் காய்ந்த பால். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாந்தான் மச்சான். பால் காச்சுனேன்."

திட்டுவார் என்று நின்றேன். இஞ்சினியரம்மா என்பார், திங்கட்கிழமை சொன்னதைத் திருப்பிச் சொல்வார் என்று நின்றேன். "கையக் காட்டு" என்றார். பார்த்தார். "அந்தாளுக்குப் போனப் போடு."

சாசா மச்சானின் போன் திரையில் வந்தார்; மொழி மாற்ற என் போனைப் பக்கத்தில் பிடித்தேன். அவருக்குப் பின்னால் ஜன்னல் பாதிவரை பனி. பலகையைக் காட்டினேன். நீளமாக ஒரு மூச்சு விட்டார், பாட்டு எதுவும் வரவில்லை. "என் சாலை ஞாயிறுவரை திறக்காது. பலகை தலைநகரில்தான் கிடைக்கும். கல்லில் விரிசல் இருக்கிறதா?" ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தேன். கல்லில் இல்லை. "அப்படியானால் அடுப்பு பிழைத்தது. ஒரே துண்டு இரும்பு வேண்டும். விரல் தடிமன். பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, சின்னதாக இருக்கக் கூடாது. உங்களிடம் எங்கே இருக்கப்போகிறது?"

மச்சானுக்குச் சொன்னேன். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். பனி தலையில் விழுவதைக்கூடத் தட்டிவிடவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து சாவியை எடுத்தார்.

"எங்குட்டுப் போறீக?"

"கடைக்கி. தோசக்கல்ல எடுத்தாரேன்."

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல் என்று சொல்கிறோமே தவிர, அது முழு இரும்பு. அந்த ஊர் வெல்டரிடம் அளவு சொல்லி வெட்டி வாங்கியது. ஒரே நேரத்தில் பத்துத் தோசை வார்க்கலாம். முதல் ஆறு மாதம் ஒட்டி ஒட்டிப் பிய்ந்ததாம். தினமும் எண்ணெய் விட்டு, வெங்காயத்தால் தேய்த்து, அதைப் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோசைக்காகத்தான் மாணவர்கள் மூன்று பஸ் மாறி வருகிறார்கள். தெருவிலேயே இன்னொரு இந்திய மெஸ் உண்டு. அங்கே தோசை கிடையாது.

"நேரா நெருப்புல வச்சா பழக்குனது பூராம் எரிஞ்சுரும் மச்சான். மெஸ்ஸுக்கு என்ன செய்வீக?"

"பயலுக இட்லி திங்கட்டும். தோச இல்லாம எவன் செத்தான்?" என்றவர், வாசலில் திரும்பினார். "நான் வாரதுக்குள்ள அந்த ஒடஞ்சதப் பேத்து வையி. ஒனக்குத்தான அளவெல்லாம் தெரியும்."

டாக்சியின் பின்சீட்டில் அந்தக் கல்லைப் படுக்கவைத்து, டிரைவரும் அவருமாக இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதற்குள் நான் பழைய பலகையை எடுத்து, அடுப்பின் கல் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, களிமண் குழைத்து வைத்திருந்தேன். இரும்பு சூட்டில் வளரும். அதற்கு இடம் விட வேண்டும் என்று சாசா திரையிலிருந்து சொன்னார். அடுப்புக் கதவுக்குப் போட்டதில் மிஞ்சிய, சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிறு இருந்தது. அதை விளிம்பு நெடுகச் சுற்றிப் படுக்கவைத்து, அதன்மேல் தோசைக்கல்லை இறக்கினோம். இருபுறமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்குகளில் களிமண்ணையும் சாம்பலையும் சேர்த்துப் பூசினேன். சாசா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்ன இரும்பு? ஏன் பளபளக்கிறது?" சொன்னேன். அவருக்கு விளங்க வெகுநேரம் ஆனது. விளங்கியதும் வீட்டிலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்.

சுள்ளியில் ஆரம்பித்தேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை, அடுத்த விறகு எப்போது என்று அவரைக் கேட்டேன். சுடரின் நிறத்தைப் பார்த்து, இப்ப போடு என்பார், போடுவேன். இப்ப வேண்டாம் என்பார், நிறுத்துவேன். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியையும் வெப்பமானியையும் பார்த்துச் சொல்வது என் வேலை. எட்டு. பதினொன்று. பதினாறு. பெட்டி வாய் திறக்கவில்லை. மாறி மாறித் தூங்கினோம். விடியும்போது இருபத்திரண்டு, அடுப்பின் பின்பக்கம் கைவைத்தால் காய்ச்சல்காரன் முதுகுபோல் இருந்தது. மச்சானை அடுப்பருகில் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன்.

காரின் முன்சீட்டில் நர்ஸ். கனத்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட். குழந்தை அவள் மடியில், ஒரு ரொட்டிப் பொட்டலம்போல். எங்களிடம் தரவில்லை. பின்சீட்டில் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லவா வேண்டாமா என்று வந்தேன். கடைசி வளைவில் சொல்லிவிட்டேன். அம்மா போன் செய்தது, நான் போட்ட கணக்கு, விரிசல், தோசைக்கல், எல்லாம்.

அக்கா வெளியே திரும்பிக்கொண்டாள். "அந்தக் கல்ல என்னையக்கூடத் தொடவிட மாட்டாக" என்றாள். பிறகு, "பாலு பொங்குச்சா இல்லையா, அதச் சொல்லு."

"பொங்குச்சு."

"எங்குட்டு வழிஞ்சுச்சு?"

"எல்லாப் பக்கமும்தான்க்கா."

"அப்பச் சரி" என்றாள். என் சுட்ட விரலை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் எங்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனாள். மச்சான் குளித்து, வேட்டி கட்டி, அதற்குமேல் மூன்று ஸ்வெட்டர் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் கையில் ஒரு விறகுப் பிளவோடு நின்றார். நர்ஸ் பையிலிருந்து தன் வெப்பமானியை எடுத்து மேசையில் வைத்தாள். எங்களுடையதைப் பார்க்கக்கூட இல்லை. வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று பார்த்தாள். அடுப்பைச் சுற்றி வந்தாள். இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்த தோசைக்கல் முன் நின்று, குனிந்து, முகர்ந்து பார்த்தாள். கூடத்தில் மெல்லிசாக ஒரு வாசனை இருந்தது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

"புகையா?" என்று அவளிடம் கேட்க வாசலிலிருந்தே போனை நீட்டினேன்.

அவள் போனில் ஒரு வார்த்தை சொன்னாள். திரையில் "வெங்காயம்" என்று வந்தது.

மேசைக்குப் போய் வெப்பமானியை எடுத்தாள். கண்ணருகே வைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தாள், வேட்டியிலிருந்து ஸ்வெட்டர்வரை. பிறகு கொஞ்சம் கோபமாகவே நீளமாகப் பேசினாள். அக்கா என் கையை நசுக்கினாள்.

"என்னடி சொல்றாக? என்னன்னு சொல்லு."

நான் திரையைப் படித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தேன். "இருபத்தெட்டு டிகிரியாம்க்கா. புள்ளைய வளக்கப் போறீகளா, ரொட்டி சுடப் போறீகளான்னு கேக்குறாக. ஜன்னலத் தெறக்கச் சொல்றாக."

மச்சான் கையில் வைத்திருந்த பிளவைக் கீழே வைத்தார். நான் போய் ஜன்னலை இரண்டு விரல் திறந்தேன். நர்ஸ் இன்னும் என்று கையைக் காட்டினாள். ஒரு சாண் திறந்தேன். தலையாட்டினாள். குழந்தையைக் கூடத்துக் கட்டிலில் கிடத்தி, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள்.